‘போலாம் ரைட்’: ஈராசிரியர் பள்ளியில் ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவன் – நிகழ்வு ஆய்வு

வட்டார வள மையத்தில், மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநராக வேலை பார்க்கிறேன். என் பொறுப்பில் 14 பள்ளிகள். ஒரு பள்ளிக்கு வாரத்தில் ஒரு நாள்கூட முழுதாகக் கிடைக்காது. அவற்றில் ஒன்றில், டெல்டா பகுதி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில், ஒரு கல்வியாண்டு முழுக்க நடந்ததை இங்கே எழுதுகிறேன். ஊர், பெயர் எதுவும் கிடையாது. பையனைப் பள்ளியில் எல்லோரும் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கேயும் அவன் தம்பிதான்.

தம்பியும் பள்ளியும்

ஜூன் கடைசியில் தலைமையாசிரியர் போன் செய்தார். “டீச்சர், அந்தப் பையன் இன்னிக்கும் கேட்டைத் தாண்டிட்டான். வாய்க்கால்ல தண்ணி வந்தாச்சு. நான் யாரைப் பாக்குறது, யாரை விடுறது?” குரலில் எரிச்சலைவிடப் பயம்தான் அதிகம். பள்ளி வாசலுக்கு எதிரே சாலை, சாலையைத் தாண்டினால் வாய்க்கால். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறிவிடுவதும், தண்ணீர் இருக்கும் பக்கமாகப் போய்விடுவதும் பல நாடுகளில் பதிவான ஆபத்து. அவர் பயந்ததில் தப்பே இல்லை.

தம்பிக்கு அப்போது 7 வயது, இரண்டாம் வகுப்பு. அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். அம்மா நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போகிறவர். வீட்டில் அப்பாயி. முந்தின வருடமே பரிசோதனை முடித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தார்கள். ஆட்டிசத்தை அளக்க இந்தியாவில் பயன்படுத்தும் ‘ஐசா’ அளவுகோலில் 40 கூறுகள் உண்டு. மதிப்பெண் 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரமானது. தம்பிக்கு 118. அந்த எண் உதவித்தொகைக்கும் அடையாள அட்டைக்கும் பயன்படும். காலை ஒன்பதரை மணிக்கு வகுப்பில் அவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அந்தத் தாளில் ஒரு வரி இருக்காது.

இரண்டே ஆசிரியர்கள். நான்கு, ஐந்தாம் வகுப்பு தலைமையாசிரியருக்கு. ஒன்று முதல் மூன்று வரை 27 பிள்ளைகள், ஒரே அறையில், ஒரே ஆசிரியையிடம். எண்ணும் எழுத்தும் திட்டப்படி, கற்றல் நிலையை வைத்து அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (நடு நிலை), மலர் (மேல் நிலை) என்று பிரித்து உட்கார வைத்திருப்பார். தம்பி தமிழில் அரும்பு, கணக்கில் மலர். எண் எங்கே இருந்தாலும் அவன் கண் அங்கே போய்விடும். மின் மீட்டரில் ஓடும் எண்ணைப் படித்துக்கொண்டு பாதி இடைவேளையைக் கழித்துவிடுவான்.

பேச்சு அதிகம் கிடையாது. இருந்ததில் பெரும்பாலும் எங்கேயோ கேட்டதைத் திருப்பிச் சொல்வது. டிவி விளம்பரத்தில் ஒரு வரி, காலை வணக்கக் கூட்டத்தின் “இயல்பு நிலை”, டவுன் பஸ் கண்டக்டரின் “போலாம் ரைட்”. இந்தக் கடைசி வரியை அவன் சொல்லும்போதெல்லாம் வகுப்பே சிரிக்கும். நானும் முதல் நாள் சிரித்தேன்.

பதிவேட்டில் ‘ஒன்றுமில்லை’

வழக்கம்போல மூன்று பத்தி போட்ட நோட்டு ஒன்றை ஆசிரியையிடம் கொடுத்தேன்: முன்னால் என்ன நடந்தது, தம்பி என்ன செய்தான், அப்புறம் என்ன ஆனது. பத்துப் பள்ளி நாள் எழுதச் சொன்னேன். 27 பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் எழுதினார் என்பதே பெரிய விஷயம்.

பத்து நாளில் 26 சம்பவங்கள். கையைக் கடித்துக்கொள்வது, பக்கத்தில் இருப்பவரைக் கிள்ளுவது, எழுந்து ஓடுவது. ஓடியதில் நான்கு முறை கேட்டைத் தாண்டியிருக்கிறான். நேரத்தை வைத்துப் பிரித்தால், மணி அடிக்கும்போது 8, மதியச் சாப்பாட்டு வரிசையில் 7, கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது 6, மற்றவை 5. இதுவே நல்ல தகவல்தான். ஆனால் ‘முன்னால் என்ன நடந்தது’ என்ற பத்தியில் 17 இடங்களில் ‘ஒன்றுமில்லை’ என்று இருந்தது. “சும்மா உக்காந்திருந்தான் டீச்சர். திடீர்னு கடிச்சிக்கிறான்” என்றார் ஆசிரியை.

ஓடக்கூடாது என்று கதவுக்குத் தாழ்ப்பாள் போட ஆரம்பித்திருந்தார்கள். ஓட்டம் குறைந்தது, கடி கூடியது. இடது மணிக்கட்டுக்கு மேலே தோல் காய்த்துப்போய் இருந்தது.

இந்தச் சமயத்தில் நான் செய்தது ஒரு திட்டம் எழுதியது. தனிநபர் கல்வித் திட்டம் என்று அதற்கென்று படிவம் உண்டு, கீழே குழு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட வரிசையாக இடம் உண்டு. தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், பெற்றோர், இயன்முறை மருத்துவர், நான். ஐந்து கையெழுத்தும் ஒரு பேனாவில், பத்து நிமிடத்தில் முடிந்தது. அம்மா எங்கே போடணும் என்று மட்டும்தான் கேட்டார். என் சர்வீஸில் இப்படி நிறையப் படிவங்கள் இருக்கின்றன. எதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

திட்டத்தில் படஅட்டைகள் இருந்தன. அன்றைய நாளில் அடுத்து என்ன என்று வரிசையாகக் காட்டினால் இந்தப் பிள்ளைகளுக்குப் பதற்றம் குறையும் என்பது 1970களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் உளவியலாளர் எரிக் ஷாப்ளர் குழு தொடங்கிய முறையிலிருந்து நன்றாக நிரூபணமான விஷயம். ஆனால் நான் கொண்டுபோனது இணையத்தில் இறக்கிய படங்கள். சாப்பாட்டு அட்டையில் வெள்ளைக்காரப் பையன் ஒருவன் முள்கரண்டியால் எதையோ குத்திக்கொண்டிருந்தான். தம்பி அதை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டான்.

ஆயா சொன்னது

அந்த அட்டையைக் குனிந்து எடுத்தவர் சத்துணவுக் கூட ஆயா. அன்றைக்கு முட்டை உரித்துக்கொண்டே என்னிடம் பேசினார்.

“அவனுக்கு இதெல்லாம் தெரியாது டீச்சர். தட்டைக் காட்டுங்க, தெரியும். ஆனா ஒண்ணு, அவன் போலாம் ரைட்னு சொன்னா உடனே விட்டுறணும். விடலேன்னா கடிப்பான்.”

“எப்ப சொல்லுவான் ஆயா?”

“பஸ்ஸு எப்ப கெளம்பும்? கண்டக்டரு சொன்னாத்தானே? இவனுக்கும் கெளம்பணும்னா அதைச் சொல்றான். ஒரு தடவை மெதுவா சொல்லுவான், ரெண்டாவது சத்தமா. மூணாவது கெடையாது, கைதான்.”

நான் உரித்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். கேட்டதையே திருப்பிச் சொல்லும் எதிரொலிப் பேச்சு அர்த்தமில்லாதது அல்ல, அதற்குள் கேள்வியும் மறுப்பும் வேண்டுகோளும் இருக்கும் என்று பயிற்சியில் படித்தவள் நான். ஆட்டிசத்தை விவரித்த முன்னோடிகளில் ஒருவரான மனநல மருத்துவர் லியோ கானர் 1946இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் வருகிறான். நாயும் இல்லாத, மாடியும் இல்லாத இடத்தில் “நாயை மாடியிலிருந்து எறியாதே” என்பான். மூன்று வருடம் முன்னால் லண்டன் ஓட்டல் ஒன்றின் மாடத்திலிருந்து அவன் பொம்மை நாயை எறிந்துகொண்டே இருந்தபோது அம்மா அலுத்துப்போய்ச் சொன்ன வாக்கியம் அது. எதையாவது எறியத் தோன்றும்போதெல்லாம் தன்னைத் தானே தடுத்துக்கொள்ள அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். மருத்துவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அந்த ஓட்டல் கதை வீட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

தேர்வில் இதற்கு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் தம்பி சொன்னபோது சிரித்தேன்.

அடுத்த பத்து நாள் நோட்டில் நான்காவதாக ஒரு பத்தி சேர்த்தோம்: ‘போலாம் ரைட் சொன்னானா?’ 22 சம்பவங்களில் 14க்கு முன்னால் சொல்லியிருந்தான். ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிய இடங்களில் பாதிக்கு மேல் அவன் இரண்டு முறை கேட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

கூட்டம்

இடையில் வேறொரு பிரச்சினை. தம்பி கிள்ளியதில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்திக்குக் கையில் ரத்தம் கட்டிவிட்டது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அவள் அப்பா எழுந்து, “அந்தப் பையனுக்குன்னு தனிப் பள்ளிக்கூடம் இருக்கில்ல? டிசியைக் குடுத்து அங்க அனுப்புங்க” என்றார். அம்மா ஓரமாக உட்கார்ந்து பாயின் நுனியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 என்ன சொல்கிறது என்று நான் சொன்னேன். சட்டம் சொல்லும் அளவுக்குக் குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்ற பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமை உண்டு, எது என்று தேர்ந்தெடுப்பது பிள்ளையின் தரப்புதான். எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள், மனசை மாற்றிக்கொள்ளவில்லை. சட்டம் பேசினால் அவ்வளவுதான் நடக்கும்.

மாற்றியது அந்தப் பெண்தான். வாசலில் நின்றிருந்தவள் அப்பாவிடம், “பின்னாடிலேருந்து தொட்டாத்தான்ப்பா கிள்ளுவான். முன்னாடி நின்னா ஒண்ணும் பண்ண மாட்டான்” என்றாள். சம்பவங்கள் எழுதிய நோட்டில் பார்த்தோம். சாப்பாட்டு வரிசையின் 7 சம்பவங்களில் கிள்ளியது எல்லாமே நெரிசலில்.

அன்றைக்குக் கூட்டம் முடிந்த பிறகு வேப்பமரத்தடியில் இன்னொரு கூட்டம் நடந்தது. படிவம் இல்லை. தலைமையாசிரியர், ஆசிரியை, ஆயா, அம்மா, அப்பாயி, அந்தப் பெண், நான். அப்பா திருப்பூரிலிருந்து போனில், ஸ்பீக்கர் போட்டு. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: அவனைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்தது ஒன்று சொல்லுங்கள்.

குழம்பு சோற்றில் பட்டால் தட்டையே தள்ளிவிடுவான், தனித் தம்ளரில் ஊற்றினால் தொட்டுத் தின்பான் என்றார் ஆயா. விருந்தாளி வந்தால் வீட்டிலும் போலாம் ரைட்தான் என்றார் அம்மா. அப்பாயி, அவன் அப்படிச் சொன்னால் “எங்கடா போற, எந்த ஊருக்கு?” என்று விளையாட்டாகக் கேட்பாராம். அவன் கத்துவான். கண்பட்டதற்குக் கயிறு கட்டியிருந்தார். அந்தக் கயிறு இருக்கட்டும், அவன் சொன்னால் இனி எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வோம் என்று மட்டும் கேட்டேன். பதிலை அப்பா சொன்னார்: “சரி, இறங்கலாம்னு சொல்லுங்க. பஸ்ல அதைத்தான் அவன்கிட்ட சொல்லுவேன்.”

பல பேர் கூடிவிட்டால் குழு என்று நாங்கள் நினைத்திருந்தோம். தம்பிக்கு அது ஆறு விதமான பதில் தரும் ஆறு பேர். ஒருவர் சிரிக்கிறார், ஒருவர் தாழ்ப்பாள் போடுகிறார், ஒருவர் ஊர் கேட்கிறார், ஒருவர் மட்டும் வெளியே விடுகிறார். யாரிடம் எது பலிக்கும் என்று அவனால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? கடித்தால் மட்டும் எல்லோரிடமும் ஒரே பலன்.

முடிவானது இதுதான். யார் காதில் விழுந்தாலும் “சரி, இறங்கலாம்” என்று சொல்லி, கையைப் பிடிக்காமல், முன்னால் நடந்து வராந்தாவின் மூன்றாவது தூணுக்குக் கூட்டிப்போவது. ஐந்து நிமிடம் கழித்து “ஏறு ஏறு” என்றால் உள்ளே. அறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது, கேட்டுக்கு உண்டு. சாப்பாடு வரிசையில் இல்லாமல் அதே தூணடியில், குழம்பு தம்ளரில். படஅட்டைக்குப் பதிலாக ஆசிரியையின் போனில் எடுத்த படங்கள்: நம் குழாய், நம் தட்டு, நம் கேட்.

மணி

மணி விஷயத்தில் நான் சொதப்பினேன். வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டுதான் பள்ளி மணி. கிளை இந்த வகுப்பு ஜன்னலை ஒட்டி. எதிர்பாராத சத்தம்தான் தாங்காது, தானே எழுப்பும் சத்தம் தாங்கும் என்ற எண்ணத்தில், தம்பியையே அடிக்கச் சொன்னேன். நோக்கம் சரியாகத்தான் பட்டது. அவன் அடித்தான். நிறுத்தவில்லை. நாற்பதோ ஐம்பதோ, எண்ணிக்கொண்டே அடித்தான். சுத்தியலை வாங்கப் போன தலைமையாசிரியரைக் கிள்ளினான். ஏதோ விபத்து என்று தெருவே கேட்டுக்கு ஓடி வந்தது.

அடுத்த வாரம் நான் போனபோது மணி இடம் மாறியிருந்தது. “நாப்பது வருசமா அங்கதான் தொங்குது” என்று முதலில் மறுத்த அதே தலைமையாசிரியர், சமையல்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் பூவரசில் கட்டியிருந்தார். செலவு இரண்டு முழம் சங்கிலி. மணி நேரத்துச் சம்பவங்கள் ஏறக்குறைய அதோடு நின்றுவிட்டன.

டிக்கெட்

கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்ததும் தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான். ஒரே பாடவேளையில் 11 முறை. “இடம் கொடுத்தா மடத்தைப் பிடுங்குறான்” என்று ஆசிரியை சோர்ந்துபோனார். இது எதிர்பார்த்ததுதான். தப்பிக்க நினைத்து அடம் பிடிக்கும் குழந்தைக்கு, அதே பலனைத் தரும் ஒரு சொல்லைக் கொடுத்தால் அடம் குறையும் என்று எட்வர்ட் கார், மார்க் டூராண்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1985இல் காட்டினார்கள். முதலில் அந்தச் சொல்லுக்குத் தாராளமாக மதிப்புக் கொடுத்து, பிறகு மெல்ல மெல்லக் காத்திருக்கப் பழக்குவதுதான் நடைமுறை. எப்படிப் பழக்குவது என்பதற்குத்தான் எங்கள் கையில் எதுவும் இல்லை.

வழி கண்டுபிடித்தவர் ஆசிரியை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, சீட்டு மட்டும் தருவார்கள். அம்மா அந்தச் சீட்டுகளை வீட்டில் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார், தம்பி எண்ணைப் படிப்பான் என்பதற்காக. அதிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து. வெளியே போகும்போது தம்பி ஒரு சீட்டைக் கொடுக்க வேண்டும், ஐந்தும் தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

நல்ல யோசனை, ஆனால் கவிழ்ந்தது. தம்பி ஒரு சீட்டைக்கூடக் கொடுக்க மறுத்தான். ஐந்தையும் எண் வரிசையில் மடியில் அடுக்கி வைத்துக்கொண்டு, வெளியே போகவும் முடியாமல், கையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பார்த்துக்கொண்டிருந்த ஆயாதான் மறுபடியும். “பஸ்ல ஏறுனா டிக்கெட்டு நாம குடுப்பமா, வாங்குவமா?”

சரிதானே! அடுத்த நாளிலிருந்து சீட்டுகள் ஆசிரியையின் கையில். தம்பி போலாம் ரைட் சொன்னால் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் அதை அவன் நோட்டில் ஒட்டிக்கொள்ளலாம். முதல் வாரம் ஐந்தும் பதினோரு மணிக்குள் காலி. அப்புறம் ஆசிரியை அன்றைய படங்களையே ஒரு பஸ் ரூட்டாகக் கரும்பலகையின் ஓரத்தில் ஒட்டினார்: தமிழ், இறங்குமிடம், கணக்கு, சாப்பாடு, இறங்குமிடம். அடுத்த ஸ்டாப் தெரிந்த பிறகு அவசரம் குறைந்தது. நவம்பர் கடைசியில் ஒரு நாளைக்கு இரண்டு சீட்டு மிச்சமானது.

பதினோரு நாள்

டிசம்பரில் வகுப்பாசிரியை மருத்துவ விடுப்பில் போனார். மாற்றுப்பணியில் வந்தவர் அனுபவமுள்ளவர், பிள்ளைகளிடம் கனிவானவரும்கூட. அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. தம்பி போலாம் ரைட் சொன்னபோது, “சமத்தா உக்காரு கண்ணு” என்று தோளில் கை வைத்து உட்கார வைத்திருக்கிறார். பின்னாலிருந்து.

முதல் நாளே அவர் கையில் கிள்ளு, மூன்றாம் நாள் தாழ்ப்பாள். ஆறாம் நாள் தம்பி ஜன்னல் கம்பியில் முட்டிக்கொண்டு புருவத்துக்கு மேலே இரண்டு தையல். பதினோராம் நாள் நான் போனபோது தூணடியில் உட்கார்ந்திருந்தான், நான் பேசியது எதற்கும் திரும்பவில்லை. அந்த இரண்டு வாரமும் நான் மாவட்டத் தலைநகரில் இருந்தேன், எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் உள்ளடங்கிய கல்வியில் குழுவாகச் செயல்படுவது பற்றிய பயிற்சியில். டீயும் பிஸ்கட்டும் நன்றாக இருந்தன.

தலைமையாசிரியரைக் குறை சொல்ல முடியாது, அவர் அந்த நாட்களில் அரையாண்டுத் தேர்வையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதி வைக்காதது என் தப்பு. எல்லாம் ஏழெட்டுப் பேர் தலைக்குள் இருந்தது, ஒருவர் நகர்ந்ததும் அறுந்துவிட்டது. ஆயா இரண்டு முறை சொல்லிப் பார்த்திருக்கிறார். சமையல்கூடத்து ஆள் சொல்வதைக் கேட்டு வகுப்பு நடத்தும் வழக்கம் நம் பள்ளிகளில் எங்கே இருக்கிறது?

அன்று மாலையே ஒரு பக்கத் தாள் எழுதினோம். நான்கே வரி. பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினோம், வருகைப் பதிவேட்டை எடுக்கிறவர் கண்ணில் படாமல் போகாது. ‘தம்பி போலாம் ரைட் சொன்னால்: சரி, இறங்கலாம்.’ ‘பின்னாலிருந்து தொட வேண்டாம்.’ ‘தாழ்ப்பாள் வேண்டாம், மூன்றாவது தூண்.’ ‘ஐந்து சீட்டு, மேசை டிராயரில்.’ பழைய நிலைக்கு வர ஜனவரி முழுதும் பிடித்தது.

பிப்ரவரியில் மறுபடி பத்து நாள் நோட்டு எழுதினோம். 26 இருந்தது 6 ஆகியிருந்தது. கேட்டைத் தாண்டவில்லை. ஆறில் நான்கு கரும்பலகையைப் பார்த்து எழுதும் நேரத்தில். அதில் எங்களால் பெரிதாக முன்னேற முடியவில்லை. எழுதுவதைக் குறைத்து, எண்ணையும் எழுத்தையும் அட்டையில் அடுக்க விட்டோம். தமிழில் இன்னும் அரும்புதான்.

இப்போது

தம்பி மூன்றாம் வகுப்பில் இருக்கிறான். “போலாம் ரைட்” குறைந்து, சில நாள் “தூண் போணும்” என்கிறான். வீட்டில் இன்னும் பழைய வசனம்தான். அப்பாயி “சரி, இறங்கலாம்” என்று சொல்லிவிட்டு, அவனோடு தானும் எழுந்து வாசல் திண்ணைக்குப் போய்விடுகிறார். வந்த விருந்தாளிகள் முழிக்கிறார்களாம்.

கிள்ளு வாங்கிய பெண் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும்வரை சாப்பாட்டுக்கு அவன் பக்கத்தில்தான் உட்காருவேன் என்று சொல்லியிருக்கிறாள். அவள் அப்பா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஆயாவுக்கு வரும் மே மாதத்தோடு 60 முடிகிறது. புதிதாக யாரைப் போடுவார்கள் என்று இன்னும் உத்தரவு வரவில்லை. போன வாரம் போனபோது பீரோக் கதவுத் தாளில் பேனாவால் ஐந்தாவது வரி ஒன்று சேர்ந்திருந்தது, ஆசிரியையின் கையெழுத்தில்: ‘குழம்பு தம்ளரில். சோற்றில் ஊற்றக் கூடாது.’ அதே தாளை நகலெடுத்துச் சமையல்கூடக் கதவிலும் ஒட்டியிருந்தார்கள். ஆயாவுக்கு அது தேவையில்லை. புகையில் எழுத்து அழியாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் உறை போட்டவர் அவர்தான்.